பாட அழைத்தார்க்குப் பணிவான மறுமொழி

(ஆலயத் திருவிழாவின் ஆறாம் நாள் இரவு, ஆலய மண்டபத்தில் திருமுறை வகுப்பு ஆசிரியர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

திருச்சிற்றம்பலம்.

 

திருவிழா நாள்களில் இம்மேடையில் பேசுவோர் இறைவனின் திருவிளையாடல்களையோ அடியார் பெருமக்களின் வரலாற்றையோ எடுத்துரைப்பது வழக்கம். அடியேனும் அடியார் வரலாற்றையே பேச வந்துள்ளேன். ஆயினும், நாம் அதிகம் பேசாத ஒரு பகுதியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அருளாளர்கள் எங்கெங்குச் சென்று பாடினார்கள் என்பதை நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்கள் எங்கே வர இயலாது என்றார்கள், அதை எவ்வாறு சொன்னார்கள் என்பதே இன்றைய பொருள்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் இசைத்தொகுப்பில் பாடும்படி இவ்வாண்டு அழைப்பு வந்தது. ஆலய நிர்வாகம் முடிவை வகுப்பிடமே விட்டது. அவ்வழைப்பை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சிலர் வருத்தத்தோடும் கேட்டீர்கள். அக்கேள்விக்குச் செருப்பு மாட்டும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு வரியில் விடை சொல்வது முறையாகாது. ஆதலால், தலைவர் அவர்களின் அனுமதியோடு இச்சபையில் விரிவாகச் சொல்ல முனைகிறேன். முதலில் பெரியோர் காட்டிய வழியைப் பார்ப்போம். பிறகு நம் வீட்டுச் செய்திக்கு வருவோம்.

இல்லை என்னாத மரபு

தமிழர் இல்லங்களில் மறுப்புச் சொல்லுக்கு ஓர் அடக்கம் உண்டு. பானையில் அரிசி தீர்ந்துவிட்டால், ‘அரிசி இல்லை’ என்று நம் பாட்டிமார் சொல்லமாட்டார்கள். ‘அரிசி நிறைந்திருக்கிறது’ என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்லும்போது, ‘விளக்கைக் குளிர வை’ என்பார்கள். விடைபெறுகின்றவர் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்பார். இல்லாமையையும் பிரிவையும்கூட மங்கலச் சொல்லால் மூடி வைத்த மரபு நம்முடையது.

திருமண அழைப்பை எண்ணிப் பாருங்கள். தாம்பூலத் தட்டோடு வீடு தேடி வருகிறார்கள். அன்றைய தினம் நமக்கு வேறு கடமை இருக்கலாம். ஆயினும், எழுந்து நின்று இரு கைகளாலும் அழைப்பிதழைப் பெற்றுக்கொள்கிறோம். அமரச் செய்து அருந்தத் தருகிறோம். அதன் பின்னரே நம் நிலையைச் சொல்கிறோம். மொய்யை முன்னதாகவே கொடுத்தனுப்புகிறோம். பின்னொரு நாள் மணமக்களை அழைத்து விருந்து வைக்கிறோம். வர இயலாமை வேறு, அழைத்தவரை மதியாமை வேறு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இம்மரபிலிருந்து ஒரு தீமையும் முளைத்திருக்கிறது. மறுக்கக் கூசி, ‘பார்க்கலாம்’, ‘ஆகட்டும்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அழைத்தவர் அதை இசைவு என்றே எண்ணி ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுகிறார். குறித்த நாளில் நாம் செல்வதில்லை. இசை நிகழ்ச்சியில் இது பெருந்துன்பம். பாடகர் வருவார் என்று மிருதங்கக்காரரை அழைத்திருப்பார்கள், மேடையும் ஒலிபெருக்கியும் ஆயத்தமாக இருக்கும், கூட்டமும் அமர்ந்திருக்கும். முன்னரே ‘இயலாது’ என்று சொல்லியிருந்தால் வேறொருவரை நாடியிருப்பார்கள். திருவள்ளுவர் ‘இனியவை கூறல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மனமுவந்து கொடுப்பதைக் காட்டிலும் முகமலர்ந்து இன்சொல் கூறுவது சிறந்தது என்பது அதில் அவர் காட்டும் நெறி. அவ்வின்சொல் உண்மைச் சொல்லாகவும் இருத்தல் வேண்டும் அன்றோ? பொய்யான இசைவைக் காட்டிலும் மெய்யான மறுப்பே அழைத்தவருக்கு நன்மை தரும்.

நாவுக்கரசரின் மறுமாற்றம்

இனி, நம் சமயக் குரவருள் ஒருவராகிய திருநாவுக்கரசு சுவாமிகளிடம் செல்வோம். திருவாமூரில் மருணீக்கியாராகத் தோன்றி, சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்று, சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரின் அருளால் திருவதிகையில் மீண்டும் சைவம் அடைந்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் சமயம் மாறியதைக் கேட்ட பல்லவ மன்னன், அவரை அழைத்து வரும்படி அமைச்சர்களைப் படையோடு அனுப்பினான்.

அது பாடுவதற்காக வந்த அழைப்பு அன்று. விசாரணைக்கு வந்த ஆணை. ஆயினும், அதற்கு நாவுக்கரசர் கொடுத்த விடை பாட்டாகவே வந்தது. ஆறாம் திருமுறையில் உள்ள அத்திருத்தாண்டகத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘மறுமாற்றத் திருத்தாண்டகம்’ என்பதாகும். மறுமாற்றம் என்றால் மறுமொழி. தாம் சிவபெருமான் ஒருவனுக்கே ஆட்பட்டவர். ஆகவே வேறு எவருடைய ஆணைக்கும் உட்பட்டவர் அல்லர் என்பதே அதன் சாரம். அரசனை இழித்துரைப்பது அவர் நோக்கமன்று. தாம் யாருடைய ஆள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அடுத்து நடந்ததை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். சேக்கிழார் பெருமான் அதை மறவாமல் பதிவு செய்திருக்கிறார். பாடலைக் கேட்ட அமைச்சர்கள் சுவாமிகளின் அடிகளில் வீழ்ந்து வணங்கி, தங்களோடு எழுந்தருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டனர். வருகின்ற வினைகளுக்கு எம்பெருமான் இருக்கிறான் என்று கூறி நாவுக்கரசர் இசைந்தார். ஆணையாக வந்தபோது மறுத்தவர், வேண்டுகோளாக வந்தபோது உடன் சென்றார். அதன் பின்னர் நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் இடுதல் என வந்த துன்பங்கள் நாம் அறிந்தவையே.

இதிலிருந்து அடியேன் அறிந்துகொள்வது இதுதான். நாவுக்கரசரின் மறுமொழி பிடிவாதத்தில் பிறந்ததன்று. அடிப்படையைத் தெளிவாக்கிய பின், அன்புக்கு இடம் கொடுக்க அவர் தயங்கவில்லை. உறுதியும் பணிவும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திருவையாற்றில் எழுந்த கேள்வி

அடுத்து, காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றுக்கு வருவோம். அங்கே வாழ்ந்தவர் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய தியாகராஜ சுவாமிகள். 1767ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்து, 1847ஆம் ஆண்டு திருவையாற்றில் சித்தியடைந்தவர். இராமநாமத்தைப் பாடிக்கொண்டு வீதியில் உஞ்சவிருத்தி செய்து, கிடைத்த அரிசியைக் கொண்டு இல்லம் நடத்தியவர். சில கல் தொலைவில் தஞ்சை அரண்மனை இருந்தது. 1798 முதல் 1832 வரை அங்கே அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கல்வியையும் கலையையும் போற்றியவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த பெருமைக்கு உரியவர். அத்தகைய அரசர் சுவாமிகளைத் தம் அவைக்கு அழைத்துப் பொருளும் அனுப்பினார் என்றும், சுவாமிகள் அதை ஏற்கவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த வேளையில் பிறந்ததாகக் கூறப்படுவது, கல்யாணி இராகத்தில் அமைந்த ‘நிதி சால சுகமா’ என்னும் கீர்த்தனை.

அக்கீர்த்தனையின் பொருளைச் சற்று ஊன்றி நோக்குவோம். அதில் ‘நான் வரமாட்டேன்’ என்ற சொல் இல்லை. அரசரைப் பற்றிய குறையும் இல்லை. முழுவதும் கேள்விகளாகவே அமைந்துள்ளது. செல்வம் சுகம் தருவதா, இராமனின் சந்நிதியில் செய்யும் தொண்டு சுகம் தருவதா? மனிதரைப் புகழ்வது சுகமா, இறைவனைப் பாடுவது சுகமா? இவ்வாறு இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் கேட்டுச் செல்கிறார். யாரிடம் கேட்கிறார்? மன்னரிடமோ, அழைக்க வந்தவரிடமோ அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொல் என்று தம் மனத்திடமே கேட்கிறார். ஓர் அழைப்பு வந்தவுடன், அழைத்தவர் யார் என்று ஆராய்வதற்கு முன், தம் நெஞ்சம் எதை நாடுகிறது என்று ஆராய்ந்தார். அதனால்தான் அவருடைய மறுப்பில் கசப்பு இல்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. சுவாமிகள் சென்னைப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, கோவூரைச் சேர்ந்த சுந்தரேச முதலியார் என்ற செல்வர் அவரைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று உபசரித்தார். தம் பெயரில் ஒரு கீர்த்தனை பாட வேண்டும் என்பது முதலியாரின் ஆசை என்பர். மனிதரைப் பாடுவதில்லை என்பதோ சுவாமிகளின் விரதம். உண்ட வீட்டில் எப்படி மறுப்பது? கோவூர்த் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருநாமம் சுந்தரேசுவரர். அப்பெருமான்மீது ஐந்து கீர்த்தனைகளைச் சுவாமிகள் பாடினார். அவையே இன்றும் ‘கோவூர் பஞ்சரத்தினம்’ என்று போற்றப்படுகின்றன. விரதமும் கெடவில்லை, விருந்தோம்பியவர் மனமும் வாடவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஐந்து. முதலியாரின் பெயரும் அக்கீர்த்தனைகளின் வரலாற்றோடு சேர்ந்து நின்றுவிட்டது.

சுவாமிகள் எல்லா அழைப்புகளையும் மறுத்தவர் என்றும் கருதிவிடக் கூடாது. சீடர் வீணை குப்பையர் அழைத்தபோது மகிழ்ந்து சென்று, திருவொற்றியூர் அம்பிகை திரிபுரசுந்தரியின்மீது ஐந்து கீர்த்தனைகளைப் பாடினார். மும்மூர்த்திகளுள் மற்றொருவராகிய முத்துசுவாமி தீட்சிதர், தஞ்சை அரசரை நாடினால் பொன் கிடைக்கும் என்ற யோசனையை ஏற்காமல் திருமகளையே பாடி அமைந்தார் என்பது செவிவழிச் செய்தி. அவரும் தம் இறுதி நாள்களில் எட்டயபுரம் சென்று, 1835ஆம் ஆண்டு அங்கேதான் மறைந்தார். அரண்மனை என்பதற்காகவே எவரும் வெறுத்ததில்லை. எதற்காகப் பாட அழைக்கிறார்கள் என்பதையே அப்பெரியோர் நோக்கினர்.

பாடுதல் என்பது விண்ணப்பம்

நம் திருமுறைக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் திருப்பதிகம் பாடுவதற்கென 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் சேர்த்து 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நெல் முக்குறுணி என்று கல்வெட்டிலே வெட்டி வைத்தான். அக்கல்வெட்டு ‘திருப்பதியம் பாட’ என்று சொல்லவில்லை. ‘திருப்பதியம் விண்ணப்பம் செய்ய’ என்று சொல்கிறது.

இச்சொல்லை நம் பிள்ளைகள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் என்பது ஒருவர் முன்னிலையில் நின்று சொல்வது. அதற்குக் கேட்பவர் ஒருவர் உண்டு. அரங்கில் பாடும்போது சபையோர் கேட்கிறார்கள். சந்நிதியில் பாடும்போது சபையோரும் நம்மோடு சேர்ந்து விண்ணப்பிக்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். நாதசுவரக் கலைஞர்கள் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர்கள். சுவாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரியை அதற்கென்றே காத்து வைத்திருக்கும் மரபு அவர்களுடையது.

திருஞானசம்பந்தப் பெருமானோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் தருமபுரம் சென்றபோது நிகழ்ந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசிப்பதாலேயே சம்பந்தரின் பாடலுக்குப் புகழ் உண்டாகிறது என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். பாணர் அதைக் கேட்டு நடுங்கி, கருவியில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழில் அது அடங்கவில்லை. ‘யாழ்முரி’ என்று பெயர் பெற்றது அப்பதிகம். யாழை உடைக்க முற்பட்ட பாணரைப் பிள்ளையார் தடுத்து, இறைவன் பெருமை இக்கருவியில் அடங்குமோ என்று தேற்றி, இயன்றவரை வாசிக்கும்படி அருளினார். பாடலுக்கு ஏற்பக் கருவி நின்றது அக்காலம். கருவிக்கு ஏற்பப் பாடலை வெட்டுகின்ற நிலை வரும்போது, அது எவ்வளவு அன்போடு கேட்கப்பட்டாலும், நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நமக்கு வந்த அழைப்பு

இனி நம் வீட்டுச் செய்தி. அழைத்தவர்கள் நல்லவர்கள். இசை பயின்ற இளைஞர்கள். தமிழ்ப் பக்திப் பாடல்கள் இக்காலப் பிள்ளைகளைச் சென்றடைய வேண்டும் என்ற ஆர்வத்தோடு, புதிய வாத்தியங்களைச் சேர்த்து ஓர் இசைத்தொகுப்பை உருவாக்கி இணையத்தில் வெளியிட எண்ணியிருந்தனர். அதில் தேவாரம் பாட நம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டனர். கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கை நம் மண்டபக் கூரைத் திருப்பணிக்குத் தருவதாகவும் சொன்னார்கள். கூரையின் நிலை உங்களுக்குத் தெரியும். மழை நாள்களில் வாளி வைத்துக்கொண்டுதான் வகுப்பு நடத்துகிறோம். ஆகவே, எளிதாகத் தள்ளிவிடக்கூடிய அழைப்பாக அது இல்லை.

அவர்கள் விரும்பிய முறையைக் கேட்டறிந்தோம். பதிகத்தில் முதல் இரண்டு பாடல்கள் மட்டும் போதும் என்றனர். சம்பந்தர் தேவாரத்தில் பெரும்பாலும் பதினோராம் பாடல் திருக்கடைக்காப்பு ஆகும். அதில் பெருமான் தம் பெயரைச் சொல்லி, பாடுவோர் பெறும் பயனையும் சொல்கிறார். அது இல்லாமல் பதிகம் நிறைவடைவதில்லை. பண்ணை மாற்றி வேறொரு மெட்டில் அமைக்க வேண்டும் என்றனர். தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லும் ‘திருச்சிற்றம்பலம்’ நேரம் கருதி வேண்டாம் என்றனர். இவை பற்றிப் பேசி இணக்கம் கண்டிருக்கலாம், அவர்களும் கேட்கக்கூடியவர்களே.

ஆனால், ஒரு நிபந்தனையில் மனம் நின்றுவிட்டது. நம் வகுப்பில் 23 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் குரல்வளம் மிக்க ஆறு பேரைத் தேர்ந்து தரும்படி கேட்டார்கள். ஒலிப்பதிவுக்கு அது தேவையே. அவர்கள்மேல் குற்றம் இல்லை. நம் வகுப்பில் குரல் உடைகின்ற வயதில் உள்ள பையன்கள் இருக்கிறார்கள். சுருதியோடு சேராத குரலை உடைய சிறுமி ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வந்து, எல்லாருக்கும் முன்பாகப் பதிகத்தை மனனம் செய்துவிடுகிறாள். சந்நிதியில் விண்ணப்பம் செய்ய இவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக் கொடுத்தவன் அடியேன். அதே பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ‘நீ வா, நீ இரு’ என்று ஆலயத்தின் பெயரால் பிரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் சிலரை அழைத்துப் பேசினேன்; நிர்வாகத்திற்கும் தெரிவித்தேன். அதன் பின்னரே மறுமொழி எழுதினோம்.

எழுதிய மறுமொழி

அம்மறுமொழியை மறைக்க வேண்டியதில்லை. சுருக்கமாகப் படிக்கிறேன்:

‘அன்புடையீர், வணக்கம். எங்கள் பிள்ளைகளின் பாடலைக் கேட்டு மகிழ்ந்து, அவர்களை உங்கள் முயற்சியில் சேர்த்துக்கொள்ள விரும்பியமைக்கு நன்றி. ஆலயத் திருப்பணியையும் எண்ணிப் பார்த்தது உங்கள் நல்லுள்ளம். எங்கள் வகுப்பு, சந்நிதியில் அனைவரும் கூடிப் பதிகத்தை முழுமையாக ஓதுவதற்கென அமைந்தது. அதிலிருந்து சிலரை மட்டும் தேர்ந்து அனுப்புவது அந்நோக்கத்தோடு பொருந்தாமையால், வகுப்பின் பெயரால் இதில் பங்குபெற இயலாத நிலையில் இருக்கிறோம். உங்கள் ஏற்பாடுகளுக்குத் தடை நேராதிருக்கவே இதை உடனே தெரிவிக்கிறோம். நீங்கள் பாடவிருக்கும் பதிகங்களின் பண், சொற்பிரிப்பு, பொருள் ஆகியவற்றில் உதவி தேவைப்படின் மகிழ்ந்து செய்வோம். வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டிற்கு வந்து எங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து பாடுமாறு அன்போடு அழைக்கிறோம். உங்கள் முயற்சி சிறக்க இறைவன் அருள் துணைநிற்பதாக.’

இவ்வளவுதான். அவர்களிடமிருந்து பணிவான பதில் வந்தது. சில பதிகங்களின் பண்களைக் கேட்டிருந்தார்கள், எழுதி அனுப்பியுள்ளோம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

‘இப்படி ஒரு வாய்ப்பு என் மகளுக்கு இனி எப்போது வரும்?’ என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா, தங்கள் மகள் தம் பெயரால் எந்த இசைத்தொகுப்பிலும் பாடலாம். அதைத் தடுக்க அடியேனுக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. அவ்விளைஞர்களிடம் தங்களை அறிமுகம் செய்து வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். வகுப்பின் பெயரும் ஆலயத்தின் பெயரும் மட்டுமே நான் காக்க வேண்டியவை.

‘ஒலிப்பதிவே கூடாதா?’ என்று இன்னொருவர் கேட்டார். அப்படிச் சொன்னால் நன்றி மறந்தவனாவேன். தருமபுரம் சுவாமிநாதன் ஓதுவார் அவர்கள் பாடிய திருமுறை ஒலிநாடாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே அடியேன் பல பண்களைக் கற்றேன். ஓதுவார் மரபின் இசையில் ஊறிய எம். எம். தண்டபாணி தேசிகர் 1942ஆம் ஆண்டு ‘நந்தனார்’ திரைப்படத்தில் நடித்துப் பாடினார். அதனால் அவருடைய தேவார இசைக்கு ஒரு குறையும் வரவில்லை. மலேசிய இந்து சங்கம் நடத்துகின்ற திருமுறை ஓதும் விழாவிற்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அங்கே பரிசு உண்டு, போட்டி உண்டு. ஆயினும், பெயர் கொடுத்த பிள்ளை எவரையும் நாம் விலக்குவதில்லை. ஆகவே, நம் அளவுகோல் கருவியும் அன்று, மேடையும் அன்று. நாம் எதற்காகக் கூடினோமோ அது அழியாமல் இருக்கிறதா என்பதே அளவுகோல்.

வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: ‘ஐயா, அந்தப் பெட்டியில் பாடினால் சாமிக்குக் கேட்காதா?’ கேட்கும் அம்மா, ஐயமே வேண்டாம். நீ யாரிடம் பாடுகிறாய் என்பது உனக்கு மறந்துபோகாதிருக்க வேண்டும் என்பதே என் கவலை.

கூரைக்கு வரவேண்டிய ஒரு தொகை வராமல் போயிற்று. அதை மறைத்துப் பேசமாட்டேன். அவ்விழப்பை ஈடுசெய்யும் கடமை மறுத்தவர்களாகிய எங்களுக்கும் உண்டு. ஆதலால், வகுப்பின் 23 பிள்ளைகளும் அடுத்த மாதம் முதல், அன்பர்கள் அழைக்கும் இல்லங்களுக்கு வந்து ஒரு பதிகத்தை முழுமையாக ஓதுவார்கள். அங்கே நீங்கள் மனமுவந்து அளிக்கும் காணிக்கை ஒரு ரிங்கிட் ஆயினும், நூறு ரிங்கிட் ஆயினும், நேரே ஆலயத் திருப்பணி நிதியில் சேரும். செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

நிறைவாக ஒன்று

அழைப்பு வரும்போது நினைவில் கொள்ளத்தக்கவற்றைப் பெரியோர் வரலாற்றிலிருந்து தொகுத்துச் சொல்லி அமைகிறேன். முதலில் நம் மனத்தைக் கேட்க வேண்டும். திருவையாற்றுப் பெரியவர் அவ்வாறே செய்தார். நாம் யாருடைய ஆள் என்பதில் தெளிவு வேண்டும். அது நாவுக்கரசர் காட்டிய நெறி. இயலாது என்றால் உடனே சொல்ல வேண்டும். அழைத்தவரின் குறையைத் தேடாமல், நம் நிலையை மட்டும் சொல்ல வேண்டும். கோவூரில் நடந்ததுபோல், மறுக்கும் கை வெறுங்கையாக நீளலாகாது. கேட்டதைத் தர இயலாவிடினும், தரக்கூடிய வேறொன்றைத் தர வேண்டும். அவர்கள் மீண்டும் அன்போடு வந்தால், வாயிற்கதவு திறந்தே இருக்க வேண்டும்.

நாளை மாலை ஏழாம் திருவிழா. சுவாமி புறப்பாட்டுக்கு முன், நம் பிள்ளைகள் அனைவரும் சந்நிதியில் நின்று பதினொரு பாடல்களையும் விண்ணப்பம் செய்வார்கள். குரல் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அனைவரும் பாடுவார்கள். தாங்களும் குடும்பத்தோடு வந்து உடன் பாடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வழைப்பை எவரும் மறுக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.



மேன்மைகொள் சைவநெறி தழைக்க, அனைவரும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.